வெயில் தெரிகிறது, காரணம் தெரியவில்லை: புவி வெப்பமயமாதல் விழிப்புணர்வில் இந்தியா கடக்க வேண்டிய தூரம்

புதுதில்லி: வெயில் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதை இந்தியாவில் எவரும் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை இல்லை. வயலில் நிற்பவரும் கட்டடச் சாரத்தில் ஏறுபவரும் தகரக் கூரையின் கீழ் உறங்குபவரும் அதை உடலால் அறிந்திருக்கின்றனர். ஆனால் அந்த வெயில் ஏன் கூடுகிறது, எப்போது அது உயிருக்கு ஆபத்தாகிறது, அந்நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடை, தேவைப்படுவோரில் பெரும்பாலோரை இன்னும் சென்றடையவில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சிவோட்டர் நிறுவனத்துடன் இணைந்து, 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை இந்தியாவில் 4,600-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் ஆய்வு நடத்தியது. புவி வெப்பமயமாதல் பற்றித் தங்களுக்குச் சிறிதளவே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று அதில் 54 விழுக்காட்டினர் கூறினர். அதன் பொருளைச் சுருக்கமாக விளக்கிய பின் கேட்டபோது, அது நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று 84 விழுக்காட்டினர் தெரிவித்தனர். அதன் விளைவுகளைத் தாங்களே அனுபவித்திருப்பதாகச் சொன்னவர்கள் 74 விழுக்காட்டினர்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மக்களிடம் இல்லாதது அனுபவம் அன்று. அந்த அனுபவத்துக்குப் பெயரும் காரணமும் தரும் தகவல்தான். சில வாக்கியங்களில் விளக்கியதுமே பெரும்பான்மையினர் அதைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்துவிடுகின்றனர். எனவே, விழிப்புணர்வு குறைவாக இருப்பதற்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. சரியான தகவல் சரியான மொழியில், சரியான நேரத்தில் அவர்களிடம் கொண்டுசேர்க்கப்பட்டதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பதிவேடுகள் சொல்வது

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901-ஆம் ஆண்டு முதல் பராமரித்துவரும் பதிவுகளின்படி, 2024-ஆம் ஆண்டுதான் நாட்டின் மிக வெப்பமான ஆண்டு. அவ்வாண்டின் சராசரி வெப்பநிலை, 1991 முதல் 2020 வரையிலான நீண்டகாலச் சராசரியை விட 0.65 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. உலக அளவிலும் அதுவே மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துடன் ஒப்பிடுகையில் உலகச் சராசரி வெப்பநிலை அவ்வாண்டில் சுமார் 1.55 டிகிரி உயர்ந்திருந்தது.

இந்த எண்ணைப் புரிந்துகொள்வதிலும் குழப்பம் உண்டு. வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வது 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் குறிக்கோள்களுள் ஒன்று. ஓர் ஆண்டில் அந்த அளவு தாண்டப்பட்டதாலேயே உடன்படிக்கை தோற்றுவிட்டது என்று பொருளாகாது. பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. அதே வேளையில், 1.5 டிகிரி என்பது சிறிய எண்ணாகத் தோன்றுவதால் அதன் விளைவும் சிறியதாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. கடல், நிலம், பகல், இரவு அனைத்தையும் சேர்த்துக் கிடைக்கும் சராசரி அது. அந்தச் சராசரி சற்று உயர்ந்தாலும், தாங்கவொண்ணா வெப்பம் நிலவும் நாட்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகுகிறது.

2022-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. அவ்வாண்டின் மார்ச், 1901-க்குப் பின் நாடு கண்ட மிக வெப்பமான மார்ச் மாதமாக அமைந்தது. பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த கோதுமைக் கதிர்கள் வட மாநிலங்களில் சுருங்கின. விளைச்சல் குறையும் என்ற கவலையும் விலை உயர்வும் சேர்ந்துகொள்ள, மே 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. மனிதச் செயல்களால் நேர்ந்த புவி வெப்பமயமாதல், அவ்வாண்டின் வெப்ப அலைக்கான வாய்ப்பைச் சுமார் 30 மடங்கு கூட்டியிருந்ததாகப் பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று மதிப்பிட்டது. எங்கோ எரிக்கப்பட்ட நிலக்கரிக்கும் வீட்டில் சுடப்படும் சப்பாத்தியின் விலைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

ஓசையின்றி வரும் பேரிடர்

புயலுக்கும் வெள்ளத்துக்கும் உருவமும் ஓசையும் உண்டு. வெப்பத்துக்கு அவை இல்லை. கூரைகள் பறப்பதில்லை, பாலங்கள் இடிவதில்லை. முதியவர் ஒருவர் பிற்பகலில் வீட்டுக்குள் படுத்தவாறே இறந்துபோனால், அது இதய நோயால் நேர்ந்த இறப்பாகவோ முதுமையால் நேர்ந்த இறப்பாகவோ பதிவாகிறது. ஏற்கெனவே உள்ள இதய, சிறுநீரக, சுவாச நோய்களை வெப்பம் முற்றச் செய்வதால், இறப்புச் சான்றிதழில் அதன் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது.

2024 கோடையில் ஜூன் மாத நடுப்பகுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்டோர் வெப்பவாதத்துக்கு ஆளானதாக ஐயுறப்பட்டதாகவும், 100-க்கும் மேற்பட்ட இறப்புகள் உறுதி செய்யப்பட்டதாகவும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தரவுகள் காட்டின. வெப்பத்தால் நேர்ந்தது என்று மருத்துவர்கள் உறுதி செய்த இறப்புகள் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும்.

உண்மையான இழப்பு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது குஜராத்தின் அகமதாபாத் நகரம். 2010 மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் நகரில் பதிவான மொத்த இறப்புகளை, முந்தைய ஆண்டு மற்றும் அடுத்த ஆண்டின் மே மாதங்களுடன் ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டனர். எல்லாக் காரணங்களாலும் சேர்த்து 4,462 பேர் இறந்திருந்தனர். இது வழக்கத்தை விட 1,344 அதிகம். அதாவது சுமார் 43 விழுக்காடு கூடுதல். ஒரே மாதத்தில் ஒரு நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்தப் பேரிடரின் அளவு, நிகழ்ந்தபோது எவருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

அகமதாபாத் கற்ற பாடம்

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே அகமதாபாத் மாநகராட்சியின் வெப்பச் செயல் திட்டம். காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து 2013-ஆம் ஆண்டு அது நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தெற்காசியாவில் ஒரு நகரம் இத்தகைய திட்டத்தை வகுத்தது அதுவே முதல்முறை.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. முன்னறிவிப்பில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45-ஐ எட்டினால் சிவப்பு என எச்சரிக்கை விடுக்கப்படும். அதனுடன் அவரவர் பணிகளும் தொடங்கிவிடும். மருத்துவமனைகள் பனிக்கட்டியையும் மருந்துகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் குடிசைப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்பட வேண்டும். பூங்காக்கள் பிற்பகலிலும் திறந்திருக்க வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தி, வானொலி, சுவரொட்டி, நாளிதழ் என எல்லா வழிகளிலும் செய்தி பரப்பப்படும்.

அகமதாபாத் மருத்துவமனை ஒன்றில், வெயில் நேரடியாகத் தாக்கும் மேல்தளத்தில் இயங்கிவந்த மகப்பேற்றுப் பிரிவு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது கண்டறியப்பட்டது. பெருஞ்செலவு எதுவும் இல்லாத ஏற்பாடு அது. ஆனால், மேல்தளக் கூரையின் வெப்பம் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடையது என்பதை எவராவது முதலில் உணர வேண்டியிருந்தது. விழிப்புணர்வு என்பதன் உண்மையான பொருள் அதுவே.

இத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதன் பின்னர் நாடெங்கும் பல மாநிலங்களும் நகரங்களும் தத்தமக்கெனச் செயல் திட்டங்களை வகுத்துள்ளன.

எச்சரிக்கை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

முன்னறிவிப்புத் துறையில் நாடு நெடுந்தூரம் முன்னேறியுள்ளது. கோடைக்கு முன்பே பருவகாலக் கண்ணோட்டத்தையும், வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பையும், நாள்தோறும் வண்ணக் குறியீட்டுடன் எச்சரிக்கைகளையும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடுகிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியையேனும் எட்டி, இயல்பை விட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால் அது வெப்ப அலை. இயல்பு எதுவாயினும் 45 டிகிரியை எட்டினாலும் வெப்ப அலையே.

ஆனால் இந்த எண்களுக்கும் மக்கள் உணரும் வெப்பத்துக்கும் இடைவெளி உண்டு. வானிலை நிலையங்களில் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுகிறது. தார்ச்சாலையிலும் தகரக் கூரைக்குக் கீழும் நிலவும் வெப்பம் அதைவிட அதிகம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. குறைந்த வெப்பநிலையிலேயே உடல் தத்தளிக்கும். இரவிலும் வெப்பம் தணியாவிட்டால், பகலில் பட்ட பாதிப்பிலிருந்து உடல் மீள்வதற்கு நேரம் கிடைக்காது. "இன்று 39 டிகிரிதான், ஆகவே ஆபத்தில்லை" என்று கடலோர நகரவாசி ஒருவர் எண்ணினால் அது தவறான முடிவாகிவிடக்கூடும்.

தவறான எண் பரவும் வேகத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தில் 52.9 டிகிரி பதிவானதாக வெளியான தகவல், சில மணி நேரத்தில் நாடெங்கும் பேசுபொருளானது. அந்த நிலையத்தின் உணர்கருவி உண்மையான அளவை விட 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்ததை வானிலைத் துறை சில நாட்களில் தெளிவுபடுத்தியது. முதல் செய்தியைப் படித்தவர்கள் அனைவரும் அந்தத் திருத்தத்தையும் படித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நம்பகமான தகவலைத் தொடர்ந்து தருவதும், தவறு நேர்ந்தால் உடனே திருத்துவதும் விழிப்புணர்வுப் பணியின் பகுதிகளே.

மக்களுக்குத் தேவைப்படுவன அறிவியல் சொற்களைக் காட்டிலும் தெளிவான செயல்கள். வெயிலில் நின்றவர் உளறத் தொடங்கினால், மயங்கினால், உடல் நெருப்பாய்க் கொதித்தால் அது வெறும் களைப்பன்று. உயிர் பிரியும் ஆபத்து. அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் புகட்டக் கூடாது. இவை அந்தந்த வட்டார மொழியில், ஆஷா பணியாளர், ஆசிரியர், கட்டட மேற்பார்வையாளர் போன்ற நன்கு அறிமுகமானவர்கள் வாயிலாகச் சொல்லப்படும்போது மனத்தில் பதிகின்றன.

அறிந்தும் ஒதுங்க இயலாதவர்கள்

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம் என்பது எல்லா எச்சரிக்கைகளிலும் இடம்பெறும் அறிவுரை. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு இந்த அறிவுரை தெரியாமல் இல்லை; அதைக் கடைப்பிடிக்கும் வசதிதான் இல்லை. வெப்பத்தால் 1995-இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 4.3 விழுக்காட்டை இழந்ததாகவும், 2030-இல் அது 5.8 விழுக்காடாக உயரும் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. இது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். வேளாண்மையும் கட்டுமானமும் இதில் பெரும் பங்கைச் சுமக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சேவா அமைப்பு, முறைசாரா துறையில் உழைக்கும் தன் உறுப்பினர்களுக்காக வெப்பக் காப்பீட்டுத் திட்டத்தை முன்னெடுத்தது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தனித்தனியாக இழப்பை நிரூபிக்க வேண்டிய தேவையின்றித் தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். 2024-இல் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிர மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 50,000 பெண்கள் இதில் இணைந்திருந்தனர். தொகை சிறிதேயாயினும், ஒரு நாள் ஓய்வெடுக்கலாம் என்ற துணிவை அது தருகிறது. கூரைகளுக்கு வெண்ணிறப் பூச்சுப் பூசி உள்வெப்பத்தைக் குறைக்கும் முறை அகமதாபாத்தில் பின்பற்றப்படுகிறது. இதற்கெனத் தனிக் கொள்கையையே தெலங்கானா 2023-இல் வெளியிட்டது.

இருப்பினும், தாளில் உள்ள திட்டங்கள் அனைத்தும் தரைக்கு வருவதில்லை. தில்லியில் உள்ள கொள்கை ஆராய்ச்சி மையம் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல் திட்டங்களை ஆராய்ந்து 2023-இல் அறிக்கை வெளியிட்டது. எந்த மக்கள் மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்பதை முறையாகக் கணித்த திட்டங்கள் இரண்டு மட்டுமே. நிதி எங்கிருந்து வரும் என்பதைப் பேசியவை 11 மட்டுமே.

நிதிக்கும் சட்ட ஏற்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பேரிடர் நிவாரணப் பட்டியலை விரிவாக்க வேண்டும் என்ற மாநிலங்களின் கோரிக்கையை 15-ஆவது நிதி ஆணையம் ஏற்கவில்லை. மாநில அளவிலான பேரிடர்களுக்கென ஒதுக்கப்பட்ட வரம்புக்குள் சில மாநிலங்கள் தாமே முடிவெடுத்தன. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. நிவாரணம் உண்டு என்று தெரிந்தால்தான் இறப்பின் காரணத்தைக் குடும்பங்கள் கேட்கும்; காரணம் பதிவானால்தான் பேரிடரின் உண்மையான அளவு வெளிப்படும்.

கடமை யாருடையது?

சுற்றுச்சூழல் விழிப்புணர்வை ஊட்டுவது அரசின் விருப்பத்துக்கு விடப்பட்ட நற்பணி அன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ஆம் ஆண்டிலேயே, திரையரங்குகளில் சுற்றுச்சூழல் குறித்த படவில்லைகளைக் காட்டவும், வானொலி, தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளை ஒலி, ஒளிபரப்பவும், கல்வியில் அதைக் கட்டாயப் பாடமாக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவும், பாரிஸ் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும் பொதுமக்களுக்கான கல்வியையும் விழிப்புணர்வையும் நாடுகளின் கடமைகளுள் சேர்த்துள்ளன. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியுள்ளது என 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை உண்டு எனில், அதை அறிந்துகொள்ளும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

தனிமனிதரின் பங்கைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோதி முன்வைத்து, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘லைஃப்’ இயக்கம், மின்சாரம், நீர், உணவு ஆகியவற்றை வீணாக்காத வாழ்க்கை முறைக்கென 75 செயல்களைப் பட்டியலிட்டது. இவை பயனுள்ளவை, மின்கட்டணத்தையும் குறைப்பவை. ஆயினும் இந்தியரின் தலா கரியமில வாயு வெளியேற்றம் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. குடிசையில் ஒரே மின்விளக்கோடு வாழ்பவர் அதை அணைப்பதால் மட்டும் புவி குளிர்ந்துவிடாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் பயன்பாட்டைக் குறைக்கும் பெரும் முடிவுகள் அரசுகளிடமும் பெரு நிறுவனங்களிடமும், நீண்டகாலமாக மிகுதியாக வெளியேற்றிவந்த செல்வ நாடுகளிடமும் உள்ளன. அந்த முடிவுகளைக் கேட்டுப் பெறும் ஆற்றலை மக்களுக்குத் தருவதும் விழிப்புணர்வின் நோக்கமாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒடிசா வழிகாட்டுகிறது. 1999-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அம்மாநிலத்தில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். 2013-இல் பைலின் புயல் தாக்கியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டதால் உயிரிழப்பு இரண்டிலக்க எண்ணுக்குள் அடங்கியது. எச்சரிக்கை கிராமம் வரை சென்றது. போய்ச் சேரப் புகலிடமும் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மாற்றம் நிகழ்ந்திராது.

வெப்பத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். எத்தனை சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, எத்தனை உறுதிமொழிகள் எடுக்கப்பட்டன என்பது விழிப்புணர்வின் கணக்காகாது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் எத்தனை தொழிலிடங்களில் வேலை நேரம் மாற்றப்பட்டது, எத்தனை வீடுகளில் முதியவர்களை எவரேனும் சென்று பார்த்தனர், அந்த மாதத்தின் இறப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்ததா என்பனவே கணக்கு. அகமதாபாத் அந்தக் கணக்கைப் போடத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. மற்ற நகரங்களும் அதைத் தொடங்குவதற்கு அடுத்த பேரிழப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.